சதயம் நிற்கும் இடம்

ஜூலை 24, திங்கள்

எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். சனிக்கிழமையோடு பதினாறு முடிந்தது. பந்தல்காரன் நாற்காலிகளை எடுத்துப் போய்விட்டான். ஒன்றை மட்டும் மறந்துவிட்டான். சிவப்பு நாற்காலி. முற்றத்தில் கிடக்கிறது.

இது பம்பு கம்பெனி கொடுத்த டைரி. ஜனவரியிலிருந்து காலியாக இருக்கிறது. என்னவோ எழுதலாம் என்று, நான் வேலை பார்க்கிற மோட்டார் கடையிலிருந்து எடுத்து வந்தேன்.

என் வீட்டுக்காரி ஆவுடை போனது சதய நட்சத்திரத்தில். அவிட்டத்தில் ஆரம்பித்து வரிசையாக ஐந்து நட்சத்திரங்களில் யார் போனாலும் அடைப்பு உண்டு என்று ஆத்தூர் சோசியர் சொல்லிவிட்டார். உயிர் போன அறையை ஆறு மாதம் பூட்டி வைக்க வேண்டுமாம். நடுவில் திறந்தால் வீட்டில் இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போய்விடுமாம். இந்த வீட்டில் இன்னொருவர் என்றால் நான் ஒருவன்தான் பாக்கி. அதை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை, ஆனால் எல்லோரும் ஒரு தரம் என்னைப் பார்த்துக்கொண்டார்கள்.

பகவதி அக்கா அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக் கோவில்பட்டிக்கே கொண்டுபோய்விட்டாள். "ஏ தாணு, ஒன்ன நம்பிச் சாவிய விட்டுட்டுப் போவ முடியாது. நீ எளகின மனசுக்காரன், தொறந்துருவ" என்றாள். நானா இளகின மனசுக்காரன்? மயானத்தில்கூடக் கண் கலங்காமல் நின்றவன். பார்த்தவர்கள் எல்லாம் பாவம், கல்லாகிப் போனான் என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு அன்றைக்குச் செருப்பு எங்கே விட்டோம் என்பதுதான் யோசனையாக இருந்தது.

என் சட்டைகளில் பாதி உள்ளே மாட்டிக்கொண்டன. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆவுடைக்கு என்னைவிடக் கிடையாது. ஆனாலும் அக்காவோடு யார் மல்லுக்கு நிற்பது?

இரவு தோசை. மாவு புளித்துவிட்டது.

ஜூலை 26, புதன்

நீர்மூழ்கி மோட்டார் ஒன்று எரிந்துபோய் வந்தது. செம்புக் கம்பியைப் புதிதாகச் சுற்றிக் காயில் கட்டக் கொடுத்தேன். வெயில்.

ஜூலை 30, ஞாயிறு

பக்கத்து வீட்டு எஸ்தர் டீச்சர் வந்தார். ஆவுடையும் அவரும் ஒரே பள்ளிக்கூடம். இவர் அறிவியல், அவள் புவியியல். கையில் ஒரு கறுப்புப் பை.

"அண்ணாச்சி, இது அக்காவோடது. எக்ஸிபிஷனுக்குன்னு ஜூன்ல வாங்கிட்டுப் போனேன். அன்னைக்கே தரணும்னுதான் நெனச்சேன், கூட்டத்துல எப்படித் தாறதுன்னு..." என்றவர் அதற்கு மேல் பேச முடியாமல் அழ ஆரம்பித்துவிட்டார். நான் டீ போடலாம் என்று உள்ளே போனேன். பால் திரிந்திருந்தது. திரும்பி வந்து பால் திரிந்துவிட்டது என்று சொன்னேன். அவர் இன்னும் அதிகமாக அழுதார்.

பைக்குள் இருந்தது ஆவுடையின் ஸ்டார் ஃபைண்டர். பழைய வீடியோ கேமரா அளவு இருக்கும். ஓட்டை வழியாக ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துப் பொத்தானை அமுக்கினால், அது என்ன நட்சத்திரம், என்ன கிரகம் என்று பேர் எழுத்தில் வரும். காதில் குழாயை மாட்டிக்கொண்டால் ஒரு வெள்ளைக்காரன் விவரமும் சொல்லுவான். அவள் தம்பி மஸ்கட்டிலிருந்து வாங்கி வந்தது. எல்லோரும் தம்பியிடம் தங்கமும் சென்ட்டும் கேட்பார்கள், இவள் இதைக் கேட்டாள்.

அவளுடைய கண்ணாடி, குடை, போன், சேலைகள் எல்லாம் பூட்டுக்கு உள்ளே. வெளியே இருப்பது இது ஒன்றுதான். ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன்.

ஆகஸ்ட் 2, புதன்

தண்ணீர்த் தொட்டி நிறைந்ததா என்று பார்க்க மாடிக்குப் போனேன். போகிற போக்கில் அந்தக் கருவியையும் எடுத்துப் போனேன். பேட்டரி புதுசு போட்டேன்.

பெரிய புத்திசாலிக் கருவிதான். நல்ல பிரகாசமாக மேற்கே ஒன்று தெரிந்தது. அமுக்கினேன். ஒரு பேர் சொன்னது. ரெண்டு எட்டு தள்ளி நின்று அதையே அமுக்கினேன். வேறு பேர் சொன்னது. மூன்றாவது தடவை சிவப்பாக ஏதோ எழுத்து வந்து நின்றுவிட்டது. நம் கடையில் இப்படி ஒரு மீட்டரை விற்றிருந்தால் மறுநாளே கொண்டுவந்து தலையில் போட்டிருப்பார்கள்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

எஸ்தர் டீச்சரின் வீட்டுக்காரர் ஜெபமணி சாரிடம் சொன்னேன். சிரித்தார். "அண்ணாச்சி, அது உள்ள காந்த ஊசி உண்டும்லா. நீங்க கம்பிப் பக்கத்துல நின்னுருப்பிய."

உண்மைதான். மாடி எடுக்கலாம் என்று நாலு மூலையிலும் தூண் கம்பியை நீட்டி விட்டு வைத்திருக்கிறோம். எங்கள் மகள் நித்திலா பிறந்த வருஷம் விட்ட கம்பி. அவளுக்கு வேலை கிடைத்தால் மாடி, கல்யாணம் என்றால் மாடி என்று சொல்லிச் சொல்லி இப்போது அது துருப்பிடித்து நிற்கிறது. ஊரில் பாதி வீட்டின் தலையில் இப்படித்தான் நிற்கிறது.

மொட்டை மாடியின் நட்டநடுவில் நின்றேன். சரியாகச் சொன்னது. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தேன், பேர் மாறவில்லை. இறங்கி வந்து ரசம் வைத்தேன். உப்பு கூடிவிட்டது.

ஆகஸ்ட் 9, புதன்

தொட்டி பார்க்கப் போனேன். மேகம்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

கருவி சொல்லுகிற பேரெல்லாம் இங்கிலீஷ். அதைப் போனில் போட்டுத் தேடினால் நம் பேர் வருகிறது. மேற்கே ஸ்பைகா என்று அது சொன்னது நம் சித்திரை. ஆர்க்ட்யூரஸ் சுவாதி. தெற்கே சிவப்பாக அன்டாரெஸ் என்று ஒன்று. தேடிப் பார்த்தால் கேட்டை. என் நட்சத்திரம்.

இத்தனை வருஷமாகக் கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போது கேட்டை என்று சொல்லியிருக்கிறேன், அப்படி ஒன்று வானத்தில் நிஜமாகவே நிற்கிறது என்று யோசித்ததில்லை. தினசரி காலண்டரில் அச்சடிக்கிற வார்த்தை என்றுதான் இருந்தேன். ஆவுடை சொல்லியிருப்பாள். ஒருநாள் மாடியிலிருந்து கத்திக் கூப்பிட்டாள், "இங்க வாங்களேன், சனி சொகமா இருக்காரு" என்று. நான் கீழே இருந்தபடியே தொட்டி நிறைஞ்சிருச்சா என்று கேட்டேன். அவள் பதிலுக்கு நிறைஞ்சிருச்சு என்றாள். அவ்வளவுதான், சண்டையெல்லாம் ஒன்றுமில்லை.

கேட்டை இருந்தால் சதயமும் இருக்கும்.

செப்டம்பர் 9, சனி

சதயம் எது என்று கண்டுபிடித்தேன். கும்ப ராசியில் லாம்டா என்று கிரேக்க எழுத்துப் போட்ட ஒரு நட்சத்திரம். கருவியில் பேரைத் தேர்ந்தெடுத்து வைத்துவிட்டால் ஓட்டைக்குள் சிவப்பு அம்புகள் எரிந்து இந்தப் பக்கம் திருப்பு, மேலே தூக்கு என்று வழிகாட்டும். சரியான இடத்துக்கு வந்ததும் அம்பெல்லாம் போய் ஒரு வட்டம் எரியும்.

வட்டம் எரிந்தது. வட்டத்துக்குள் ஒன்றும் இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். கருவியை எடுத்துவிட்டு வெறும் கண்ணால் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கிழக்கே கல்யாண மண்டபம். முகூர்த்த நாள், நாதஸ்வரமும் சீரியல் லைட்டுமாக வானமே வெளுத்திருந்தது. இதை இறக்கிவிட்டு மறுபடி தேர்ந்தெடுத்தேன். மறுபடி அதே இடம். இங்கேதான் இருக்கிறது, இங்கேதான் இருக்கிறது என்று வட்டம் எரிகிறது, இருப்பது என் கண்ணுக்குத் தெரியவில்லை.

என் வீட்டு அறையைப் பூட்டிய நட்சத்திரத்துக்கு ஒரு சுடர்கூடக் கிடையாது. கோபமாக வந்தது. கோபம் வந்தது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் கொஞ்ச நாளாக எனக்கு எதுவும் வருவதில்லை.

செப்டம்பர் 27, புதன்

காலண்டரில் இன்றைக்குச் சதயம் என்று போட்டிருந்தது. எஸ்தர் டீச்சரிடம் கேட்டேன். நிலா அந்த நட்சத்திரத்தின் பக்கம் போய் நிற்கிற நாளைத்தான் அப்படிப் போடுகிறார்களாம். மாதா மாதம் நிற்குமாம். அப்படியானால் ஆவுடை போன அன்றைக்கும் நிலா அங்கேதான் நின்றிருக்கிறது. யாரையும் கூட்டிக்கொண்டு போக வந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. அது பாட்டுக்கு ஒரு தெருவைக் கடக்கிற மாதிரி கடந்து போகிறது.

விளக்கு வைத்த கையோடு மாடிக்குப் போனேன். முக்கால்வாசிக்கு மேல் நிறைந்த நிலா. பக்கத்தில் நல்ல மஞ்சளாக ஒன்று. இதுதானா அது என்று அவசரமாக அமுக்கினேன். வெள்ளைக்காரன் சாட்டர்ன் என்றான். சனி.

அந்த நேரம் பார்த்து அக்கா போன் செய்தாள். கதவு முன்னால் விளக்கு ஏற்றினாயா என்று தினமும் கேட்பாள்.

"ஏத்தியாச்சுக்கா."

"எங்க இருக்க? காத்துச் சத்தம் கேக்கு."

"மாடில. தொட்டி பார்க்க வந்தேன்."

"தெனம் தொட்டி பாக்கியே, தொட்டில என்ன மொதலையா இருக்கு? பாத்து எறங்கு. சனி இப்ப கும்பத்துல, சதயத்துலயே உக்காந்திருக்காரு. ஒனக்கு நேரம் நல்லால்ல."

அக்காவுக்கு வானத்தில் எது எங்கே இருக்கிறது என்று அண்ணாந்து பார்க்கத் தெரியாது. கோவில்பட்டியில் சமையல்கட்டில் உட்கார்ந்துகொண்டு சரியாகச் சொல்லுகிறாள். எரிச்சலாக இருந்தது. ஆமாம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அக்டோபர் 15, ஞாயிறு

முதுகு வலி. ஹாலில் அறைக் கதவை ஒட்டித்தான் பாய் போடுகிறேன். கதவுக்கு அடியில் கொஞ்சம் காற்று வருகிறது, ஃபேன் காற்றைவிட அது நல்ல குளிர்ச்சி. கதவில் சாய்ந்தபடியே தூங்கிவிடுகிறேன், அதனால்தான் வலி. பாயை ஜன்னல் பக்கம் மாற்ற வேண்டும்.

நித்திலா கோயம்புத்தூரிலிருந்து பேசினாள். தீபாவளிக்கு வருகிறாளாம். தீபாவளி நமக்கு இல்லையே என்றேன். "தீபாவளிக்கு வரலப்பா. லீவு அப்பத்தான் கெடைக்கு. அம்மா ரூம்ல ரெண்டு நாள் படுத்துக் கெடக்கணும்" என்றாள். நான் கடையில் ஆள் வந்திருப்பதாகச் சொல்லிப் போனை வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது என்பது பிறகுதான் உறைத்தது.

நவம்பர் 12, ஞாயிறு

ஊரெல்லாம் வெடி. நித்திலா நேற்றே வந்துவிட்டாள். வந்ததும் பையை இறக்காமல் அறைக் கதவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"இன்னும் பூட்டியா வச்சிருக்கிய?"

"ஆறு மாசம் ஆகலல்லா."

"நீங்க இத நம்புதியளா?"

"நான் எங்க நம்புதேன்? அத்தை விட மாட்டேங்கா. சாவியும் அவட்டத்தான் இருக்கு."

"பூட்ட ஒடைக்க எம்புட்டு நேரம் ஆகும்? கடையில ஸ்பேனர் இல்லையா? அம்மா கிளாஸ்ல கிரகணத்தன்னைக்குப் பிள்ளைகளுக்குப் பிஸ்கெட் குடுத்துத் தின்ன வச்சவப்பா. அவளப் போயி நட்சத்திரம் சரியில்லன்னு பூட்டி வச்சிருக்கிய."

அவள் சொல்வது அத்தனையும் சரி. அத்தை வைவாள் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். ஆவுடை போன அன்றைக்கு நித்திலா வந்து சேர்வதற்குள் ஹாலில் கிடத்திவிட்டோம். அறைக்குள் அம்மாவை அவள் கடைசியாகப் பார்க்கவே இல்லை. அதனால் கேட்கிறாள். எனக்குப் புரியாமல் இல்லை.

பொழுது சாய்ந்ததும் கருவியை எடுத்துக் காட்டினேன், சமாதானமாகப் போகட்டும் என்று. கையில் வாங்கினாள், தடவிப் பார்த்தாள், மாடிக்கு வரவில்லை.

நவம்பர் 13, திங்கள்

நித்திலா காலைப் பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள். இன்னும் ஒரு நாள் லீவு இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில், "ரூமத் தொறந்த பெறவு சொல்லுங்கப்பா, வாரேன். அது வரைக்கும் வரல. ஹால்ல படுத்துட்டுப் போறதுக்கு எனக்கு இங்க என்ன இருக்கு?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் ஒரு மாதிரி இருந்தது.

அவளுக்கு வாங்கிய பால்கோவா வீட்டிலேயே இருக்கிறது.

நவம்பர் 20, திங்கள்

காலண்டரில் சதயம். அடைமழை மேகம், நிலாவே தெரியவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு போய் நின்றேன். வட்டம் எரிந்தது.

டிசம்பர் 5, செவ்வாய்

அக்கா பேசினாள். ஜனவரியில் அடைப்பு முடிகிறது, பொங்கலுக்கு முந்தி திறந்துவிடலாம் என்று சோசியரிடம் நாள் கேட்டுவிட்டாளாம். வெள்ளையடிக்க வேண்டும், ஒரு சாந்தி செய்ய வேண்டும், ஆவுடையின் சேலைகளை வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும், பீரோவை இடம் மாற்ற வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனாள்.

"மழை ஈரத்துல வெள்ளையடிச்சா நிக்காதுக்கா" என்றேன்.

"சரி, தை கடசில அடிப்போம்."

"கடையில ஸ்டாக் எடுக்கிற நேரம் அது. சித்திரைக்கு மேல பார்ப்போமே."

"என்னல சொல்லுத? ஆறு மாசம்னா ஆறு மாசம். அதுக்கு மேல பூட்டிப் போடதுக்கு எந்தச் சாஸ்திரத்துலயும் சொல்லல."

"நித்திலாவும் அவசரமில்லன்னா."

நித்திலா அப்படிச் சொல்லவில்லை. நித்திலாவிடம் அத்தை விட மாட்டாள் என்றேன், அத்தையிடம் நித்திலா அவசரமில்லை என்றாள் என்கிறேன். இந்த வயதில் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று இப்படி ஒரு வியாபாரம். எதற்காக என்று யோசித்துப் பார்த்தேன். வெள்ளையடிக்கிற வேலை பெரிய வேலை. அதுதான் காரணம்.

டிசம்பர் 17, ஞாயிறு

நேற்று பிடித்த மழை இன்னும் விடவில்லை. கரண்ட் இல்லை. தெருவில் முழங்கால் தண்ணீர். கடைக்குள்ளும் போய்விட்டதாம். கடை நிறையத் தண்ணீர் இறைக்கிற மோட்டார், ஒன்றையும் ஓட்ட முடியாது. முதலாளி போனில் சிரித்தார், பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

டிசம்பர் 20, புதன்

டைரி ஓரம் நனைந்துவிட்டது. மையும் பரவுகிறது. மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

திங்கட்கிழமை விடியும்போது ஜெபமணி சார் கத்தினார், "அண்ணாச்சி, கொளம் ஒடஞ்சிருச்சு, மாடிக்கு ஏறுங்க!" அவர்கள் வீடு ஓட்டு வீடு. எஸ்தர் டீச்சரும் அவரும் இடுப்பளவுத் தண்ணீரில் கையைக் கோத்துக்கொண்டு வந்து என் வீட்டு மாடிப்படியில் ஏறினார்கள். வாசல் திறந்தே கிடந்தது. தண்ணீர் சேறும் செத்தையுமாகத் தன் வீட்டுக்குள் வருகிற மாதிரி வந்தது. அரிசி மூட்டை, கேஸ் அடுப்பு, டிவி எதையும் நான் தூக்கவில்லை. பாய், போர்வை, என் வேட்டி எல்லாவற்றையும் எடுத்து அறைக் கதவின் அடியில் திணித்துக்கொண்டிருந்தேன். உள்ளே போகக்கூடாது என்று. திணிக்கத் திணிக்க அது உருவிக்கொண்டு போனது.

சட்டைப் பையில் போன் அடித்தது. நித்திலா.

"அப்பா எங்க இருக்கிய?"

"வீட்டுக்குள்ள."

"ரூமுக்குள்ள தண்ணி போயிருச்சா?"

"போவுது."

"அம்மா சேலையெல்லாம் பீரோவுல அடித்தட்டுலப்பா இருக்கு. ஒடைங்கப்பா."

"அத்தை வைவா."

"அத்தைட்ட நான் பேசிக்கிடுதேன். ஒடைங்கப்பா. அப்பா, கேக்கியளா?" அதோடு லைன் போய்விட்டது.

ஜெபமணி சார் படியில் நின்று, வாங்க அண்ணாச்சி, வாங்க அண்ணாச்சி என்று கத்திக்கொண்டே இருந்தார். நான் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் தொடைக்கு வந்துவிட்டது. சமையல்கட்டுப் பரணில் பைப் ரெஞ்ச் கிடந்தது. அதைக் கொண்டுவந்து பூட்டை அடித்தேன். பூட்டு உடையவில்லை, நாதாங்கி பிய்ந்துகொண்டு வந்தது. தண்ணீரே கதவைத் தள்ளித் திறந்தது.

உள்ளே யாரும் இல்லை.

கட்டில் வெறும் பலகையாகக் கிடந்தது. மெத்தையை அன்றைக்கே எடுத்துப் போய் எரித்துவிட்டார்கள், அது எனக்கு மறந்துபோயிருந்தது. அவள் மருந்து டப்பா தண்ணீரில் மிதந்து வந்து என் மேல் இடித்தது. வெகு நேரம் நின்றிருப்பேன் போலிருக்கிறது. ஜெபமணி சார் இறங்கி வந்து தோளைப் பிடித்து உலுக்கினார். பிறகு இருவருமாகப் பீரோவைத் திறந்து சேலைகளை மூட்டை மூட்டையாக மாடிக்குக் கொண்டுபோனோம். எஸ்தர் டீச்சர் ஒவ்வொன்றாக வாங்கிப் பிழிந்தார். நித்திலா சொன்னது சரி, அடித்தட்டில்தான் இருந்தன. இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாது.

இன்றைக்கு மழை விட்டிருக்கிறது. தண்ணீர் வடிகிறது. தூண் கம்பிகளுக்கு இடையே கயிறு கட்டிச் சேலைகளைக் காயப் போட்டிருக்கிறோம். ஹெலிகாப்டரில் பொட்டலம் போட்டார்கள், எங்கள் மாடியில் ஒன்று விழுந்தது. பிரெட்டும் தண்ணீரும். மூன்று பேரும் சாப்பிட்டோம். ஹெலிகாப்டர்க்காரர்கள் ஏதோ விசேஷ வீடு என்று நினைத்திருப்பார்கள்.

டிசம்பர் 22, வெள்ளி

மத்தியானம் நித்திலா வந்துவிட்டாள். லாரியில் பாதி தூரம், டிராக்டரில் பாதி தூரம். முழங்கால் வரை சேறு. ரூமைத் திறந்தாச்சு என்று நான் சொல்லி அனுப்பவே இல்லை, போன் ஏது? அவளாக வந்தாள்.

அறைக்குள் போனாள். சுவரில் இடுப்பு உயரத்துக்குத் தண்ணீர்க் கோடு. தரையில் களிமண். "அம்மாவுக்குத் தல எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்று கேட்டாள். ஜன்னல் பக்கம் என்றேன். வெறும் பலகையில், சேற்றுக் காலோடு, அந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். நான் வெளியே வந்து வாளிகளைக் கழுவினேன்.

பொழுது அடைந்ததும் மாடிக்கு வந்தாள். ஊரில் எங்கும் விளக்கு இல்லை. மண்டபம் இருட்டு, பஸ் ஸ்டாண்ட் இருட்டு. உச்சியில் நிலா இருந்தும்கூட இவ்வளவு நட்சத்திரத்தை நான் பார்த்ததில்லை. கருவியைக் கையில் எடுத்தேன். அம்புகள் மேற்கே திருப்பின. வட்டம் எரிந்தது. வட்டத்துக்குள் ஒரு புள்ளி இருந்தது.

நித்திலாவிடம் கொடுத்தேன். அவள் ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தாள்.

"இதுவாப்பா சதயம்?"

"இதுதான்."

"இத்துனூண்டு இருக்கு."

"ஆமா. பாவம் போல இருக்கு."

நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. அதன் மேல் கோபப்பட்டதை நினைத்தால் வெட்கமாக இருந்தது. யாருக்கும் ஒன்றும் செய்யத் தெரியாத ஒரு சின்ன வெளிச்சம், அவ்வளவுதான். நித்திலா கருவியை இறக்காமலே பேசினாள்.

"அத்தைட்ட பேசினேம்ப்பா. பூட்டு கெடக்கட்டும், அவன் எப்படி இருக்கான்னுதான் கேட்டா."

"ம்."

"பொங்கலுக்கு முந்தித் தொறக்கணும்னு அத்தைதான் சொன்னாளாம். நீங்கதான் சித்திரைக்கு மேல பார்ப்போம்னியளாம். எங்கிட்ட அத்தை மேல பழி போட்டிய. அத்தைட்ட எம் மேல போட்டிய."

நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏம்ப்பா?"

வெள்ளையடிக்கிற வேலை, ஸ்டாக் எடுக்கிற வேலை, எதுவும் வாயில் வரவில்லை.

"தொறந்தா அவ இல்லன்னு தெரிஞ்சுரும்லாம்மா" என்றேன்.

அவள் கருவியை இறக்கினாள். ஜெபமணி சாரும் டீச்சரும் படிக்கட்டுப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள், எழுந்து சத்தமில்லாமல் கீழே போனார்கள்.

"இப்பத் தெரிஞ்சுருச்சாப்பா?"

"தெரிஞ்சுருச்சு."

எனக்கு அழுகை வந்தது. மயானத்தில் வராதது, பதினாறில் வராதது. சின்னப் பிள்ளை மாதிரி சத்தம் போட்டு அழுதேன், அக்கம்பக்கத்து மாடிகளில் எல்லாம் ஆள் இருந்தார்கள், அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. நித்திலா என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அவள் சட்டையெல்லாம் சேற்று வாடை.

பிறகு கீழே இறங்கினோம். அவள் டார்ச் பிடித்தாள். நான் வாரியலை எடுத்து, ஜன்னல் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, அறையில் கிடந்த சேற்றை வெளியே தள்ளினேன்.